சொந்தமாக ஹார்ப் செய்யும் முன் தந்திக் கணக்கைப் போடுங்கள்

யாழ் போன்ற மேற்கத்தியத் தந்தி வாத்தியமான ஹார்ப்பைச் செய்ய நினைப்பவர்கள் மரத்துக்குத்தான் பட்ஜெட் போடுகிறார்கள். ஆனால் தந்தி, அதை இறுக்கும் முறுக்காணி, அரை ஸ்வரம் ஏற்றும் லீவர் ஆகியவைதான் பணத்தை விழுங்கும். முதல் ஹார்ப்புக்கு 22 நைலான் தந்திகள் போதும். லீவர்களை சி, எஃப் என்ற மேற்கத்திய ஸ்வரங்களின் தந்திகளுக்கு மட்டும் முதலில் பொருத்தலாம்; மற்றவற்றுக்கு இடம் விட்டுவையுங்கள்.

ஒரு தந்தி 8 கிலோ இழுக்கிறது என்று வைத்தால்கூட 22 தந்திக்கு 176 கிலோ. அது இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். தந்திகள் கழுத்தின் (முறுக்காணிகள் நிற்கும் மேல் மரத்தின்) ஒரு பக்கமாகவே நிற்பதால் கழுத்து அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒற்றைப் பலகையில் கழுத்தை வெட்டாதீர்கள். மூன்று அடுக்காவது ஒட்டி வெட்டுங்கள். தந்திகளின் கீழ்முனை நிற்கும் ஒலிப்பலகைக்கு 3 மி.மீ. பிர்ச் பிளைவுட் நல்லது. தந்திகளின் இழுப்பில் அது சற்று மேலே உப்பும். அது இயல்புதான், பயம் வேண்டாம். ஓரத்தில் பசை விட்டு இடைவெளி தெரிந்தால் மட்டும் உடனே தந்திகளைத் தளர்த்துங்கள்.

முறுக்காணித் துளையை முதலில் அதே மரத்தின் துண்டில் போட்டுப் பாருங்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் சுருதி நிற்காது. ஒலிப்பெட்டியின் பின்பக்கத் துளைகளில் உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். தந்தி அறுந்தால் உள்ளேதான் முடிச்சுப் போட வேண்டும்.

எல்லாத் தந்திகளையும் முதலில் பாதி இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சில நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள். புது நைலான் நீண்டுகொண்டே போகும். சில வாரம் தினமும் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அந்த வாரங்களிலேயே எந்தத் தந்தி எங்கே இரைகிறது, எந்த ஆணி வழுக்குகிறது என்பது கைக்குப் பழகிவிடும். பிறகு எந்தக் கோளாறுக்கும் வெளியே ஆள் தேட வேண்டாம்.