இளம் வயதில் வேகமான கார்: தேர்வு முதல் கிளெய்ம் வரை

இருபத்திரண்டு வயதில் டர்போ கார் வாங்க நினைக்கும் ஒருவருக்கு பிரிட்டனில் பெரும் தடையாக நிற்பது காப்பீட்டுச் செலவு. அங்கே ஓட்டுநரின் வயதும் அனுபவமும் பிரீமியத்தைத் தீர்மானிப்பதில் முன்னிலையில் இருக்கின்றன. இந்தியாவில் கணக்கு பெரும்பாலும் வண்டியை வைத்தே போடப்படுகிறது. என்ஜினின் சிசி (கொள்ளளவு), வண்டியின் வயது, பதிவான ஊர், ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு ஆகியவையே அதன் அடிப்படை. அதனால் நம் ஊர் இளைஞருக்குப் பிரீமியம் பெரிய சுமையாகத் தெரிவதில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர், பாலிசி எடுத்த அன்று யாரும் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்பார். ஆகவே பிரீமியம் எவ்வளவு என்பதைவிட, கிளெய்ம் என்று வரும்போது உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முன்வைத்தே காரையும் பாலிசியையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிசியை மட்டும் பார்க்கும் இந்த முறையில் வேடிக்கையும் உண்டு. 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அட்டவணையின்படி, உங்கள் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் தேர்ட் பார்ட்டி காப்பீட்டின் பிரீமியம் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் என்ஜின் 998 சிசிதான் என்பதால், 120 பிஎஸ் (குதிரைத்திறன்) கொண்ட அந்தக் கார், 1.2 லிட்டர் என்ஜின் கொண்ட சாதாரணக் குடும்பக் காரைவிடக் குறைவான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கட்டுகிறது. டாடா ஆல்ட்ராஸ் ரேசரும் (1199 சிசி, 120 பிஎஸ்) 1.5 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) என்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ் ஜிடியும் (150 பிஎஸ்) நடுப் பிரிவில் வருகின்றன. 2025இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ போன்ற இரண்டு லிட்டர் கார்கள் மேல் பிரிவு. புதிய காருக்கு 2018 செப்டம்பர் முதல் தேர்ட் பார்ட்டி மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்பட வேண்டும் என்பதையும், மொத்தத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதையும் முதலாண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கார் என்றால் 120 பிஎஸ் அளவோடு நிறுத்திக்கொள்வது போதும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுச் சாலைகளில் அதற்கு மேலுள்ள திறனைப் பயன்படுத்த வாய்ப்புக் குறைவு. பயன்படுத்தும் இடங்களில் பிரேக்கும் டயரும்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். எனவே இரண்டு கார்களில் ஒன்றில் திறன் கூடுதலாகவும் மற்றொன்றில் ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்சி, நல்ல மோதல் சோதனை மதிப்பெண் ஆகியவையும் இருந்தால் இரண்டாவதையே எடுக்கலாம். விர்டுஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் 2023இல் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை என்பது அவற்றின் வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலை பத்து லட்சத்தைச் சுற்றி இருந்தால் சாலை வரியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதமும், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் ஆயுள் வரி. 9.9 லட்சம் ரூபாய்க் காருக்குச் சுமார் 1.29 லட்சம் கட்டுபவர், 11 லட்சம் ரூபாய்க் காருக்கு 1.98 லட்சம் கட்ட வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்குவோர் பெரும்பாலும் தேடுவது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013இல் வந்த 1.2 லிட்டர், 105 பிஎஸ் மாடல் டிஎஸ்ஜி எனப்படும் ஏழு வேக இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்டது. 2020 முதல் வந்த 1.0 லிட்டர் மாடலில் டார்க் கன்வெர்ட்டர் எனப்படும் வழக்கமான ஆறு வேக தானியங்கி கியர்பாக்ஸ் உள்ளது. ஓட்டும் சுகத்தில் பழைய டிஎஸ்ஜிக்கு ரசிகர்கள் அதிகம் என்றாலும், முதல் கார் வாங்குபவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். உலர் கிளட்ச் டிஎஸ்ஜியில் கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் பழுதானால் செலவு லட்சக் கணக்கில் போகும். இயந்திரப் பழுது காப்பீட்டில் வராது என்பதால் அது முழுக்க உங்கள் கைக்காசு.

பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டர்போவின் சீல் கசிவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். பானெட் கீலில் உள்ள போல்ட்டுகளின் பெயிண்ட் விளிம்பு உடைந்திருந்தால் அந்தப் பானெட் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. நான்கு டயர்களின் எண்களும் நான்கு விதமாக இருந்தால், முன்னாள் உரிமையாளர் எப்படி ஓட்டினார், எப்படிச் செலவு செய்தார் என்ற இரண்டுமே ஓரளவு புரிந்துவிடும்.

ரீமேப் செய்யப்பட்ட, அதாவது திறனைக் கூட்ட என்ஜின் மென்பொருள் மாற்றப்பட்ட வண்டிகளை விற்பதற்கு முன் பழைய மென்பொருளுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸி எண்ணைக் கொடுத்து வரலாற்றை எடுக்கச் சொல்லுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் என்ஜின் மென்பொருள் மாற்றப்பட்டது தெரிந்தால், நிறுவனத்தின் பதிவில் டிடி1 என்ற குறி விழும். அப்படிப்பட்ட வண்டிக்கு என்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி கிடைக்காது. நிலுவையிலுள்ள அபராதங்களையும் வங்கிக் கடன் குறிப்பையும் அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனி பாலிசி. பல வீடுகளில் காரை அப்பா பெயரில் வாங்கி மகன் ஓட்டுவான். உரிமம் இருக்கும் வரை தேர்ட் பார்ட்டிக்கும் வண்டிச் சேதத்துக்கும் இதனால் தடையில்லை. ஆனால் கட்டாயமாக எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்குத்தான் பொருந்தும். அப்பா பெயரில் ஆர்சி இருந்து மகன் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், அந்த 15 லட்சம் மகனுக்குக் கிடைக்காது. காரை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், அல்லது உடன் பயணிப்போருக்கும் உரிமையாளர் அல்லாத ஓட்டுநருக்கும் தனி விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் இருந்தால் என்சிபி எனப்படும் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கே சேரும். முதலாண்டு கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், பின்னர் 25, 35, 45, 50 என்று ஏறும் அந்தத் தள்ளுபடி, சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில்) மட்டுமே கிடைக்கும். ஒரு கிளெய்ம் போட்டால் மீண்டும் பூஜ்யம்தான், ஆகவே கதவில் விழுந்த கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நட்டம்.

பம்பர் டு பம்பர் என்று எல்லோரும் சொல்லும், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் ஏன் அவசியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இரண்டரை ஆண்டு ஆன கார் முன்னால் மோதி, 18,000 ரூபாய் பம்பர், 32,000 ரூபாய் ஹெட்லைட், 24,000 ரூபாய் பானெட் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண முழுப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், அந்த வயதுடைய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 15 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும். பெயிண்ட், கூலி நீங்கலாக 74,000 ரூபாய் பில்லில், ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் கட்டாயக் கழிவையும் சேர்த்து நீங்கள் 29,600 ரூபாய் கட்ட வேண்டும். ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 ரூபாய் மட்டுமே உங்கள் பங்கு. பல நிறுவனங்கள் இதை ஐந்து வயதுக்கு உட்பட்ட கார்களுக்கே தருகின்றன, ஆண்டுக்கு இரண்டு கிளெய்ம் என்ற வரம்பும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஆறு வயதான போலோவுக்கு எந்த நிறுவனம் ஜீரோ டெப் தரும் என்பதைக் கார் வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

சென்னையில் ஓட்டுவோர் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையையும் (ஆட்-ஆன்) எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் உள்ளேயே உடைந்த கார்கள் பல. சாதாரணப் பாலிசியில் அந்தச் சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். சேர்க்கை இருந்தாலும் மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாமல் டோ செய்வதே முறை.

பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஏஜென்ட் செய்யும் மூன்று வேலைகளைக் கவனியுங்கள். முதலாவது ஐடிவியைக் குறைப்பது. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நட்டமாகக் கருதப்பட்டு, அந்தக் குறைந்த மதிப்பே கைக்கு வரும். இரண்டாவது, தானாக ஏற்கும் கழிவைக் கூட்டுவது. பழைய தேசியக் கட்டண விதியில் ஒவ்வொரு கிளெய்முக்கும் 15,000 ரூபாய் வரை தானே ஏற்பவருக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தள்ளுபடி 2,500 ரூபாய்தான். புதிதாக ஓட்டுபவருக்கு இது கட்டுப்படியாகாது. மூன்றாவது பலர் கண்ணில் படாதது: மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கான வரம்பை 7.5 லட்சத்திலிருந்து 6,000 ரூபாயாகக் குறைத்து, அதற்காக 100 ரூபாய் தள்ளுபடி தருவார்கள். விலையுயர்ந்த காரின் பின்னால் மோதினால் அந்த 6,000 ரூபாய் அதன் பின்விளக்குக்குக்கூடப் போதாது. பாலிசித் தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உண்மையிலேயே குறைவாக ஓட்டுபவர் என்றால், 2022 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட, ஓடும் தூரத்துக்கோ ஓட்டும் விதத்துக்கோ ஏற்பப் பிரீமியம் கட்டும் சேர்க்கையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வேகமான கார் வாங்கும் இளைஞர்களின் கிளெய்ம் அதிகம் சிக்குவது மாற்றங்களில்தான். ஸ்டேஜ் ஒன் ரீமேப், இறக்கிய ஸ்பிரிங், அகலமான அலாய், மாற்றிய சைலன்சர் ஆகிய எதையும் சொல்லாமல் வைத்திருந்தால், சர்வேயர் அதைக் காரணம் காட்டிக் கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ முடியும். ஆர்சியில் உள்ள விவரங்களோடு ஒத்துப்போகாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவே தடை விதிக்கிறது. டயர், அலாய் போன்றவற்றை மாற்றினால் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்த ஒப்புதலை வாங்கி வைக்க வேண்டும். ரீமேப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால், பந்தயமும் வேகச் சோதனையும் தனியார் கார் பாலிசியில் வெளிப்படையாக விலக்கப்பட்டவை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே ஏற்படும் சேதம் முழுவதும் உங்களுடையது. ஆனால் வேகத்தை ஈசிஆர் சாலையில் சோதிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பழைய கார் கைமாறும்போது தேர்ட் பார்ட்டிப் பாதுகாப்பு தானாகவே உங்களுக்கு வரும், சொந்தச் சேதப் பாதுகாப்பு வராது. 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவரின் என்சிபி உங்களுக்குச் சேராது, அது அவரோடு போகும் என்பதால் அதற்கான வித்தியாசத் தொகையை நிறுவனம் உங்களிடம் கேட்கும்.

விபத்து நேர்ந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன் படமெடுங்கள், அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், சர்வேயர் பார்க்கும் வரை எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர் அதிகாரியிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.