உலாவிக் குறைபாடுகளிலிருந்து குக்கீகளைக் காக்கும் முறை

ஒரு தளத்தில் உள்நுழைந்த பின், பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல்லைக் கேட்காமல் இருப்பதற்காக அத்தளம் நம் உலாவியில் குக்கீ என்னும் சிறிய அடையாளத் தரவை வைக்கிறது. அது வேறொருவர் கைக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லும் ஓடிபியும் இல்லாமலேயே அவர் நம் கணக்கைத் திறந்துவிடலாம்.

ஒரு தளத்தின் குக்கீயை இன்னொரு தளம் படிக்காதபடி தடுப்பது உலாவியின் பொறுப்பு. அந்தத் தடுப்பும் சில சமயம் உடைவதுண்டு. ஆண்ட்ராய்டின் பழைய உலாவியில் 2014ஆம் ஆண்டு வெளிப்பட்ட குறைபாட்டில், இணைப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்ததாலேயே, ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்துக்குள் இயங்க முடிந்தது. அவ்வுலாவி இயங்குதளத்தோடு பிணைந்திருந்ததால் பல கைபேசிகளுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. ஆகவே, தனியாகப் புதுப்பிக்கக்கூடிய உலாவியையே பயன்படுத்துங்கள்.

கணினியில் குரோம் வைத்திருப்பவர்கள், மூன்று புள்ளி மெனுவில் உதவிப் பகுதிக்குச் சென்று, குரோமைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் புதுப்பிப்பு தானாகவே தொடங்கும். பதிவிறக்கம் முடிந்தாலும் உலாவியை மூடித் திறக்கும்வரை பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; நாள்கணக்கில் டேப்களைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கு இதுவே பெரிய ஆபத்து.

அடுத்து நீட்டிப்புகள், அதாவது கூடுதல் வசதிக்காக உலாவியில் நாம் சேர்க்கும் சிறு நிரல்கள். எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி பெற்ற நீட்டிப்பு, குறைபாடு எதுவும் இல்லாத உலாவியிலும் உங்கள் கணக்குகளை எட்டிவிடும். தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

குக்கீ களவு போயிருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், உங்கள் கணினியில் அதை அழிப்பதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் திருடியவரிடம் உள்ள நகல் அப்படியே செல்லுபடியாகும். கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைத் தேடிப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் அந்தத் தளமே பழைய குக்கீயை ஏற்க மறுக்கும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், ஆனால் சில தளங்களில் அந்த மாற்றம் மட்டும் பழைய அமர்வுகளை, அதாவது ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் நிலைகளை, முடிப்பதில்லை.

தளம் நடத்துபவர்கள், உள்நுழைவுக் குக்கீகளுக்கு ஹெச்டிடிபிஒன்லி (HttpOnly), மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் குக்கீயை அனுப்பச் செய்யும் செக்யூர் (Secure), பிற தளங்களிலிருந்து எழும் கோரிக்கைகளோடு குக்கீ செல்வதைக் கட்டுப்படுத்தும் சேம்சைட் (SameSite) ஆகிய மூன்று பண்புகளையும் கட்டாயம் இட வேண்டும். முதலாவது, பக்கத்தில் புகுந்த நிரல் குக்கீயைப் படிப்பதைத் தடுக்கும். ஆயினும் பயனரின் பெயரில் அந்த நிரல் கோரிக்கை அனுப்புவதை அது தடுக்காது என்பதால், புகுத்தப்படும் நிரலை நுழைவிடத்திலேயே வடிகட்டும் வேலையும் அவர்களுடையதே.