ப்ளேரைட் டெஸ்ட்டில் பொது ஃபங்ஷன்களை எங்கே வைப்பது?

ப்ரௌசரைத் தானாக இயக்கி வெப்சைட்டைச் சோதிக்கும் கருவியான ப்ளேரைட்டில் டெஸ்ட் எழுதும் ப்ராஜெக்ட்டுகளில், பல டெஸ்ட்டுகளுக்குப் பொதுவான ஃபங்ஷன்களை (ஹெல்பர்களை) வைக்க யூடில்ஸ் என்றொரு ஃபைல் பெரும்பாலும் இருக்கும். தேதியை மாற்றுவது, லாகின், டெஸ்ட் டேட்டாவை அழிப்பது எல்லாம் அதற்குள்தான். அதை உடைக்கும்போது ஸ்க்ரீன் வாரியாகப் பிரிக்காமல், ஃபங்ஷன் எதைத் தொடுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

ப்ரௌசரைத் தொடாதவை ஒரு ஃபோல்டர்: "₹1,25,000" என்ற எழுத்தை எண்ணாக்குவது, புது இமெயில் முகவரி உண்டாக்குவது போன்றவை. இவற்றுக்குள் பேஜ் ஆப்ஜெக்ட் (ப்ரௌசரின் ஒரு டேபைக் குறிப்பது) நுழையவே கூடாது. நுழையாதவரை ப்ரௌசரைத் திறக்காமல் நோடிலேயே ஓட்டிச் சரிபார்க்கலாம்.

க்ளிக் செய்வதும் படிவம் நிரப்புவதும் இரண்டாவது ஃபோல்டர். பேஜ் முதல் ஆர்க்யுமென்ட். மீதி விவரமெல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்டில். ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று வரிசையாக அனுப்பினால் பிறகு படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

முதலில் உருவாக்கி, முடிந்ததும் அழிக்கவேண்டியவற்றை ஹெல்பராக எழுதாதீர்கள். அழிக்கும் வரி டெஸ்ட்டின் கடைசியில் இருந்தால், நடுவில் டெஸ்ட் விழும்போது அது ஓடாது. மிச்சமான டேட்டா அடுத்த ரன்னைக் கெடுக்கும். டெஸ்ட்.எக்ஸ்டெண்ட் கொண்டு ஃபிக்ஸ்சராக, அதாவது டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயார்செய்து கொடுத்து, முடிந்ததும் துப்புரவு செய்யும் ஃபங்ஷனாக எழுதுங்கள். யூஸ் அழைப்புக்கு முன் இருப்பது தயாரிப்பு, பின் இருப்பது துப்புரவு. டெஸ்ட் தோற்றாலும் துப்புரவு நடக்கும். சாதாரண ஃபிக்ஸ்சர், கேட்கும் டெஸ்ட்டுக்கு மட்டுமே ஓடும் என்பதால் வீண் செலவும் இல்லை.

அதிகம் அலைக்கழிப்பது, ஹெல்பர் ஃபைலின் தலையில் 'லெட் ஆர்டர்ஐடி' என்று வைத்து, ஒரு டெஸ்ட்டில் நிரப்பி இன்னொன்றில் படிப்பதுதான். ப்ளேரைட் டெஸ்ட்டுகளை வொர்க்கர்களில் ஓட்டுகிறது; ஒவ்வொரு வொர்க்கரும் தனி ப்ராசஸ். ஒரு டெஸ்ட் தோற்றால் ப்ளேரைட் அந்த வொர்க்கரையே மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்; வேரியபிள் அன்டிஃபைன்டு ஆகிவிடும். அதனால் ஒரு தோல்வி இரண்டாகத் தெரியும். மதிப்பை ரிட்டர்ன் செய்யுங்கள், அல்லது ஃபிக்ஸ்சர் வழியாகக் கொடுங்கள். தனித்துவமான பெயருக்கு டேட்.நவ் மட்டும் போதாது. இரண்டு வொர்க்கர்கள் ஒரே மில்லிசெகண்டில் மோதிக்கொள்ளலாம், க்ரிப்டோ.ரேண்டம்யூயூஐடி பாதுகாப்பு.

ஒரு பகுதி திரையில் தெரிகிறதா என்று இஸ்விசிபிளைக் கேட்டு ட்ரூ அல்லது ஃபால்ஸ் தரும் ஹெல்பரும் தொல்லைதான். அது காத்திருக்காது; அந்தக் கணத்தில் கண்டதைச் சொல்லும். அந்தப் பகுதியைச் சுட்டும் லொக்கேட்டரையே திருப்பிக் கொடுத்து, டெஸ்ட்டில் எக்ஸ்பெக்ட் போட்டு டுபிவிசிபிள் என்று கேட்டால், டீஃபால்ட்டாக 5 விநாடி வரை மறுபடி மறுபடி பார்க்கும்.

ஹெல்பர் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் அதற்கு முன் விட்டுப்போனால் டெஸ்ட் முந்திக்கொண்டு முடிந்து, பேஜ் மூடப்பட்டுவிட்டது என்ற பிழை சம்பந்தமில்லாத இடத்தில் வரும். கோடில் உள்ள தவறுகளைச் சுட்டும் கருவியான டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ் விதி இதைப் பிடிக்கும். டைப் விவரம் கேட்கும் விதி என்பதால், வெறும் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்பு ஃபைலான டிஎஸ்கான்ஃபிக்கில் அலவ்ஜேஎஸ் போட்டு அந்த ஃபைல்களையும் சேர்க்கவேண்டும்.

பெரிய ஹெல்பர்களின் உடலை டெஸ்ட்.ஸ்டெப்பில் சுற்றி பாக்ஸ்: ட்ரூ கொடுங்கள். இது ப்ளேரைட் 1.39 பதிப்பிலிருந்து உண்டு. பிழை ஹெல்பரின் உள்வரியைக் காட்டாமல், அதை அழைத்த டெஸ்ட்டின் வரியைக் காட்டும்.