ஃபியோ காட்டிய வெரிஃபை பிழை: கெட்டது டிஸ்க் இல்லை

டிஸ்கில் எழுதி வாசித்துச் சோதிக்கும் கருவியான ஃபியோவில், புது எஸ்எஸ்டியை வெரிஃபை=சிஆர்சி32சி போட்டுச் சோதித்தேன்; எழுதியது அப்படியே திரும்ப வருகிறதா என்று செக்சம் (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துப் பார்க்கும் அமைப்பு அது. எழுதி முடித்து வாசிக்கத் தொடங்கியதுமே பிழை. கேபிளை மாற்றினேன், ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ராம் சோதனை) ஓடியது, சிஆர்சிக்குப் பதில் எம்டி5 என்ற வேறு செக்சம் போட்டும் அதே கதை. நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

பிழை வரியை நிதானமாகப் படித்தபோதுதான் பிடி கிடைத்தது: 'பேட் ஹெடர் ரேண்ட்_சீட்'. செக்சம் என்ற பேச்சே அதில் இல்லை. ஃபியோ ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் ஒரு சீட் எண்ணை (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) எழுதி வைக்கும்; அங்கே இருந்தது வேறொரு ஜாபின், அதாவது ஃபியோ இணையாக ஓட்டும் இன்னொரு வேலையின், எண். நான் செய்தது போல, ஒரே டிஸ்கைக் காட்டி நம்ஜாப்ஸ்=4 (நான்கு ஜாப்) என்று மட்டும் கொடுத்தால் நான்கு ஜாபும் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதும்.

சைஸ்=10ஜி, ஆஃப்செட்_இன்க்ரிமென்ட்=10ஜி என்று ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்ததும் சுத்தமாக ஓடியது. அப்பாடா! வெரிஃபை_ஃபேட்டல்=1 சேர்ப்பதும் நல்லது; முதல் பிழையிலேயே நின்றுவிடும், லாக் குவியாது.