நுண்துளை நிரப்பி கலந்த பாலிமர் பலகைகள்: ஒலித்தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்பாக்ஸி, பாலியூரித்தேன் போன்ற பாலிமர்களோடு, சூடாக்கி உப்பவைத்த கனிமங்களான பெர்லைட், வெர்மிகுலைட், அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் உள்ளீடற்ற நுண்கோளங்கள் முதலிய நுண்துளை நிரப்பிகளைக் கலந்து பலகை வார்ப்பவர்கள் பலர், ஒலியை உறிஞ்சுவதும் ஒலியைத் தடுப்பதும் ஒன்றே என்று கொண்டுவிடுகிறார்கள். உறிஞ்சுதல் என்பது ஒலி பட்ட அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது. தடுத்தல் என்பது அந்த ஒலியை அடுத்த அறைக்குப் போகவிடாமல் செய்வது. கட்டட ஒலியியலுக்கு அடித்தளமிட்ட வாலஸ் சேபின் உறிஞ்சலுக்கு அலகாக எடுத்துக்கொண்டது திறந்த சன்னலை. தன் மேல் விழும் ஒலியில் எதையும் அறைக்குத் திருப்பித் தராத அந்தச் சன்னல், வெளியே போகும் ஒலியில் எதையும் தடுப்பதுமில்லை. ஆகவே உறிஞ்சல் கெழு (விழும் ஒலியாற்றலில் திரும்பி வராத பங்கு) 0.8 என்று காட்டும் ஒரு பொருளைச் சுவருக்கு மாற்றாகப் பரிந்துரைப்பது பெரும் பிழை.

தடுப்பை முதன்மையாகத் தீர்மானிப்பது சதுர மீட்டருக்கான எடை. அது இருமடங்கானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பது நிறை விதி. நுண்துளை நிரப்பியோ எடையைக் குறைக்கிறது. கன மீட்டருக்கு 1200 கிலோ அடர்த்தியுள்ள பாலிமரில் 10 மி.மீ. பலகை வார்த்தால் சதுர மீட்டருக்கு 12 கிலோ வரும். அதன் கன அளவில் 40 விழுக்காட்டை 600 கிலோ அடர்த்தியுள்ள நுண்கோளங்களால் நிரப்பினால் எடை 9.6 கிலோவாகக் குறையும். நிறை விதிப்படி சுமார் 2 டெசிபல் இழப்பு. பலகை விறைப்பாகவும் இலேசாகவும் ஆகும்போது, அதன் வளைவலை (பலகை வளைந்து நெளியும் அதிர்வு) காற்றிலுள்ள ஒலியோடு ஒத்திசைந்து தடுப்பு சரியும் அதிர்வெண்ணும் கீழிறங்கி, பேச்சொலியின் எல்லைக்குள் வந்துவிடக்கூடும். இதைக் கணக்கிடாமல் விடுவது, என் கருத்தில், எடையை மறப்பதைவிட மோசமானது.

துளை இருந்தாலே ஒலி உறிஞ்சப்படும் என்ற நம்பிக்கையும் தவறானது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்து மேற்பரப்பு வரை திறந்திருந்தால்தான் காற்று உள்ளே அசைந்து, உராய்வால் ஒலியாற்றல் வெப்பமாக மாறும். நுண்கோளத்தின் உட்குழி மூடியது. பெர்லைட்டின் திறந்த துளைகளையோ நீர்த்த பிசின் எளிதில் அடைத்துவிடும். சுவரில் தெர்மாகோல் ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று நம்புவோரும் இதே பிழையைச் செய்கிறார்கள்: அது மூடிய நுண்குழிகள் கொண்டது, எடையும் மிகக் குறைவு, எனவே உறிஞ்சவும் தடுக்கவும் அதற்கு ஆற்றல் இல்லை.

அளவீட்டில் நேரும் தவறுகள் நல்ல ஆய்வுகளையும் கெடுத்துவிடுகின்றன. சிறு மாதிரியை உள்ளே பொருத்தி ஒலியைச் செலுத்திச் சோதிக்கும் 100 மி.மீ. விட்டமுள்ள ஒலிக்குழாயில், மாதிரியைச் சுற்றிக் கால் மி.மீ. இடைவெளி இருந்தாலே அது பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடாகும். அந்த அளவு திறப்பு வழியே ஒலி தடையின்றிக் கசிந்தால், பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. மாதிரியை இறுக்கி நுழைத்தால் விளிம்பு பிடிபட்டு, குறைந்த அதிர்வெண்களில் பொருளுக்கு இல்லாத விறைப்பு அளவீட்டில் சேர்ந்துவிடும். மேலும், குழாயில் ஒலி செங்குத்தாக மட்டுமே விழுகிறது. அறையிலோ எல்லாத் திசைகளிலிருந்தும் விழும். ஆகையால் குழாயில் கிடைத்த எண்ணை முழுச் சுவரின் மதிப்பாக எழுதக் கூடாது. அதற்கு இரண்டு அறைகளுக்கு இடையே முழு அளவுப் பலகையைப் பொருத்திச் சோதிக்க வேண்டும்.

நிரப்பியின் அளவை எடை விழுக்காட்டில் மட்டும் குறிப்பிட்டு இரு நிரப்பிகளை ஒப்பிடுவதும் பயனற்றது, ஏனெனில் 10 விழுக்காடு எடையுள்ள பெர்லைட் பிடிக்கும் இடமும் அதே எடையுள்ள சுண்ணாம்புத்தூள் பிடிக்கும் இடமும் பெரிதும் வேறுபடும். வேகமாகக் கலக்கும்போதோ திருகு எந்திரத்தில் உருக்கித் தள்ளும்போதோ நுண்கோளங்கள் நொறுங்கிவிடுகின்றன என்பதால், வார்த்த பலகையின் அடர்த்தியை அளந்து, கலவை விகிதத்திலிருந்து கணக்கிட்ட அடர்த்தியோடு ஒப்பிட்ட பிறகே ஒலிச் சோதனைக்குப் போக வேண்டும். அளந்தது கூடுதலாக இருந்தால், சோதிக்கப்போவது திட்டமிட்ட கலவையை அன்று, உடைந்த நுண்கோளங்களின் தூள் கலந்த வேறொரு பொருளை.