முதல் சண்டை ரோபோ: லேத் பட்டறையிலிருந்து சில யோசனைகள்

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரி விழாக்கள் நெருங்கினால் மாணவர்கள், களத்தில் எதிராளியின் ரோபோவோடு மோதவிடும் சண்டை ரோபோவின் வரைபடத்தோடு வந்துவிடுவார்கள். சுழலும் ஆயுதத்தைப் பல் பல்லாக வரைந்திருப்பார்கள். சக்கரத்துக்கு என்ன மோட்டார் என்று கேட்டால், "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அண்ணா" என்பார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வரும். ஆயுதம் நின்றுபோனாலும் முட்டித் தள்ளி ஆட்டத்தை ஓட்டலாம். நகராமல் நின்றால் நடுவர் பத்து எண்ணுவதோடு கதை முடிந்தது.

முதல் ரோபோவுக்கு 8 கிலோ எடைப் பிரிவு போதும். ஒரு தாளில் எடையைப் பங்கு போடுங்கள்: ஆயுதமும் அதன் மோட்டாரும் 2.5 கிலோ, சக்கரங்களும் அவற்றின் மோட்டார்களும் 2, சட்டகமும் கவசமும் 2, பேட்டரியும் மின்னணுப் பொருள்களும் 1. மிச்சம் அரை கிலோ போல்ட்டுக்கும் வயருக்கும். போல்ட்டின் எடையை யாரும் எழுதி வருவதில்லை. நாற்பது எம்6 போல்ட் சேர்ந்தாலே கால் கிலோவைத் தாண்டிவிடும்.

ஓட்டத்துக்கு, கியர்ப் பெட்டியோடு சேர்ந்தே வரும் ஜான்சன் கியர் மோட்டார் எளிதில் கிடைக்கும். 600 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 600 சுற்று) மோட்டாரில் 80 மி.மீ. சக்கரம் போட்டால் நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடும். புதிதாக ஓட்டுபவருக்கு அதுவே அதிகம். சக்கரத்தில் விழும் அடி நேராகக் கியர்ப் பெட்டிக்குப் போகாதபடி, சக்கரத்தை உள்ளே தள்ளி வையுங்கள்.

சட்டகத்துக்கு யூ.எச்.எம்.டபிள்யூ. என்ற பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் பலகையைத்தான் சொல்வேன். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைவு. அடி வாங்கினால் உடையாமல் அமுங்கிக் கொடுக்கும். மரை மட்டும் அதில் நிற்காது. போல்ட்டை மறுபக்கம் வரை ஊடுருவவிட்டு நட் போடுங்கள். அக்ரிலிக் பளபளப்பைப் பார்த்து மயங்கவேண்டாம், முதல் அடியிலேயே சில்லு சில்லாகிவிடும். பாலிகார்பனேட் நல்ல பொருள்தான். ஆனால் மரை இளகாமலிருக்க விடும் பசை அதில் பட்டால் விரிசல் விடும். அலுமினியத்தில் 7075 என்ற ரகம் வலுவானது, ஆனால் வெல்டிங் வைத்தால் வெடிப்பு விழும். வெல்டிங் தேவையென்றால் 6061 வாங்குங்கள். போல்ட் 12.9 கிரேடாக (வலிமை மிக்க எஃகு ரகம்) இருக்கட்டும். பளபளக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் அதில் பாதிக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான்.

இனி ஆயுதத்துக்கு வருவோம். "இருப்பதிலேயே கடினமான இரும்பு கொடுங்கள்" என்பார்கள். இஎன்31 என்ற எஃகு ரகத்தை 60 எச்.ஆர்.சி. (கடினத்தன்மையை அளக்கும் எண்) வரை ஏற்றிக் கொடுக்க முடியும். மோதியதும் பல் தெறித்துவிடும். இஎன்24 எடுத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தி 45 எச்.ஆர்.சி. அளவில் நிறுத்தினால் வெட்டவும் வெட்டும், உடையவும் உடையாது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையும் உதவும், விரிசல் இல்லை என்று பார்த்து வாங்கினால். ஆனால் அதன் மேல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும்.

பல் எத்தனை? இரண்டு, முடிந்தால் ஒன்று. ஒரு பல் போய் அடுத்த பல் வருவதற்குள் ரோபோ முன்னேறும் தூரம்தான் கடியின் ஆழம். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும் ஆயுதப் பட்டையோடு ரோபோவை நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓட்டிப்போனால், இரண்டு பல் இருக்கும்போது ஒவ்வொன்றும் எதிராளிக்குள் 12.5 மி.மீ. நுழைய வாய்ப்புண்டு. எட்டுப் பல் என்றால் மூன்று மில்லிமீட்டர்தான்; உரசி நெருப்புப்பொறி பறக்கும், கடி விழாது. ஒற்றைப் பல் வைத்தால் எதிர்ப்பக்கம் எடை கொடுத்துச் சமன்செய்யவேண்டும். எட்டுப் பல் வரைந்து வந்த பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டினால் முகம் வாடிவிடும். ஆனாலும் வரைபடம் மாறி வரும்.

பேட்டரி நான்கு செல் லித்தியம் பாலிமர். எவ்வளவு மின்னோட்டம் தரும் என்று காட்ட உறையில் அச்சிட்ட 'சி' எண்ணை அப்படியே நம்பாமல் தேவைக்கு ஒன்றரை மடங்காக எடுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கும்போது, சக்கரத்துக்கானது பின்னோக்கியும் ஓட்டுமா என்று கேளுங்கள். ட்ரோனுக்கான கருவி பெரும்பாலும் வாங்கிய நிலையில் ஒரே திசையில்தான் ஓட்டும். ரிமோட் சிக்னல் அறுந்தால் ஆயுதம் தானே நிற்கவேண்டும். அதைச் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஆயுதத்தின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் மூடியைத் திறக்காமலே கைக்கு எட்டவேண்டும். ஆயுதம் சுழலாமல் பூட்டும் 'பின்' என்ற ஆணி ஒன்றைக் கடைந்து தரச் சொல்லி என்னிடம் கேளுங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. ரோபோ மேசைமேல் இருக்கும் வரை அந்தப் பின் ஆணி அதன் துளையில் இருக்கவேண்டும்.