ஆண் சுண்டெலி, பெண் சுண்டெலி: சிறுநீரக ரத்த ஓட்டத் தடைச் சோதனை செய்யும் முறை

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: ஆணுக்குப் போதுமான கிளிப் நேரத்தையே (சிறுநீரக ரத்தக்குழாயைக் கிளிப்பால் அடைத்துவைக்கும் நேரம்) பெண்ணுக்கும் வைத்துவிட்டு, பாதிப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தித் திறந்தால் ஆணின் சிறுநீரகம் எளிதில் கெடும். பெண்ணுடையது நன்றாகத் தாங்கும். இரு பாலிலும் பல கால அளவுகளை முதலில் சோதித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே உடல் வெப்பம். மலக்குடலில் வெப்பமானி வைத்து 37 டிகிரியிலேயே நிறுத்துங்கள். பெண் சுண்டெலி சிறியது, சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த சிறுநீரகம் தப்பித்துக்கொள்ளும். அதைப் பாலின வேறுபாடு என்று நினைத்துவிடுவீர்கள்.

கிளிப் போட்டதும் சிறுநீரகம் கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுக்க வேண்டும். எடுத்ததும் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பு திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். திரும்பாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; இந்த விதி இரு பாலுக்கும் ஒன்றுதான்.

24 மணி நேரம் கழித்து, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் பார்க்கலாம். அது தசையிலிருந்து வருவது, தசையளவுக்கேற்ப மாறும் என்பதால், அறுவைக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். அப்புறம் திசுவில் வெளி மெடுல்லாவைப் (சிறுநீரக உட்பகுதியின் வெளி அடுக்கு) பாருங்கள், சேதம் அதிகம் தெரிவது அங்கேதான்.

காரணம் தேடுகிறீர்களா? விரை நீக்கிய ஆண்களையும் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்த பெண்களையும் தனிக் குழுக்களாகச் சேருங்கள். முதல் குழுவில் பாதிப்பு குறையும், இரண்டாவதில் கூடும்.